சைக்கிள் நெடும்பயணச் சாமான்கள்: பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு எது தாங்குகிறது, எது கைவிடுகிறது

சுமை ஏற்றிய சைக்கிளில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் கேரியர் போல்ட்தான். பின் அச்சுக்குப் பக்கத்தில், கேரியரின் காலை ஃபிரேமோடு பிடித்திருக்கும் எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட். சுமையைத் தாங்குவது போல்ட்டின் தண்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காலை ஃபிரேமோடு நசுக்கிப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அந்தப் பிடியில் வரும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. போல்ட் கால் சுற்று தளர்ந்தால் போதும், கேரியர் ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு குழியிலும் போல்ட் வளைந்து நிமிரும். சில நாளில் தலை தனியாகக் கழன்று விழும், தண்டு ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

தடுப்பது எளிது. மரையில் நீல நிறத் திரட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, தலைக்கடியில் ஒரு வாஷர். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. முதல் 100 கி.மீ. முடிந்ததும் ஒருமுறை ஆலன் கீ வைத்துப் பாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை. போல்ட்டின் நீளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டையின் உட்பக்கம் 2, 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், தலை உடைந்தாலும் மீதித் துண்டைப் பிளேயரால் உள்ளிருந்து பிடிக்கலாம். உள்ளிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருகினால் துண்டு உள்பக்கமாகவே வந்துவிடும். கியர் பக்கத்தில் மட்டும் அந்த நீட்டல் சின்னப் பல்சக்கரத்தில் ஓடும் செயினை உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கப் பைகளுக்கு வருவோம். உருட்டி மூடும் வாய் உள்ள நீர்புகாப் பை வாங்குவது சரியான முடிவு. ஆனால் வாயைக் குறைந்தது மூன்று மடிப்பாவது உருட்ட வேண்டும். திணித்து ஒரே மடிப்பில் பூட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். பையின் துணி வருடக்கணக்கில் உழைக்கிறது, தேய்வது கொக்கியும் கேரியர் குழாயும்தான். குழாய் 10 மி.மீ., கொக்கி 16 மி.மீ. என்றால், உள்ளே போடும் பிளாஸ்டிக் துண்டைச் சரியான அளவில் போடாதவரை பை நாள் முழுக்கக் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும். அலுமினியக் குழாயில் அந்த இடம் பள்ளமாகவே தேய்ந்துவிடும். பழைய டியூபைக் கீறி அங்கே சுற்றிவைத்தால் சத்தமும் போகும், தேய்மானமும் நிற்கும். கீழ்க் கொக்கியையும் மறக்கக் கூடாது. அது கேரியர் காலைப் பிடிக்காவிட்டால் பை வெளியே வீசி, சரியான சமயம் பார்த்துக் கழன்று விழும். நீர்புகாப் பையில் ஒரு குறையும் உண்டு: உள்ளே போன ஈரமும் வெளியேறாது. ஈரத்துணிக்கு வெளியே ஒரு வலைப்பை வேண்டும், இல்லாவிட்டால் மாலைக்குள் எல்லாத் துணியும் ஒரே நாற்றம்.

சுமை முழுவதையும் பின்னால் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும், இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பிக்கும். கனமானவற்றை முன்னால், அச்சின் உயரத்தில் தாழ்வாகக் கட்டுங்கள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே எடையாக இருக்கட்டும். நடுக்கம் வந்துவிட்டால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கூடத்தான் செய்யும். மேல்குழாயை இரண்டு முழங்காலாலும் அழுத்திப் பிடித்து, பின் பிரேக்கை மெதுவாகப் போட்டு வேகத்தைக் குறையுங்கள்.

ஸ்போக் பெரும்பாலும் பின்சக்கரத்தில், கியர் பக்கத்தில், ஹப்பில் வளையும் முழங்கையில்தான் உடையும். அதிக எடையைவிடச் சீரற்ற இழுவிசைதான் இதற்குக் காரணம். தளர்ந்த ஸ்போக் ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, களைத்து ஒடிகிறது. அதனால் புதுச் சக்கரத்தைச் சில நூறு கி.மீ. ஓட்டியபின் கோட்டம் எடுத்து இழுவிசையைச் சமன்செய்வது, 32க்குப் பதில் 36 ஸ்போக் வாங்குவதைவிடவும் பலன் தரும். (36 வாங்க முடிந்தால் வாங்குங்கள், அது வேறு விஷயம்.) வழியில் ஒன்று ஒடிந்தால், அதன் இருபுறமும் உள்ள எதிர்ப்பக்க ஸ்போக் இரண்டையும் அரைச்சுற்று தளர்த்தினால் ரிம் ஓரளவு நேராகும், மெதுவாக ஊர்போய்ச் சேரலாம். முன்சக்கரம், பின்சக்கரத்தின் இடது, வலது என நீளம் மூன்று வகையாக இருக்கக்கூடும். அளந்து வகைக்கு இரண்டு வாங்கி, பின் ஃபோர்க் குழாயில் டேப்பால் ஒட்டிவைத்தால் எடையே தெரியாது. கியர் பக்க ஸ்போக் மாற்ற, பின் பல்சக்கரங்களின் தொகுதியான கேசெட்டைக் கழற்றியாக வேண்டும். அந்தக் கருவி கையில் இல்லாதவருக்கு நூலால் ஆன அவசர ஸ்போக் ஒன்று போதும்.

டயரில் பஞ்சர் தடுப்புப் பட்டை தடிமனாக இருந்தால் வேகம் கொஞ்சம் குறையும், நிம்மதி கூடும். ஸ்வால்பே மாரத்தான் பிளஸ்ஸில் அது 5 மி.மீ. ரப்பர். கனம்தான், ரிம்மில் ஏற்றும்போது கட்டைவிரல் நோகும்தான். ஆனாலும் முள் நிறைந்த சாலைக்கு அதைத்தான் சொல்வேன். நெடுஞ்சாலை ஓரத்தில் முள்ளைவிட மோசமான ஒன்று உண்டு: வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மயிரிழைக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது. பஞ்சரான டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை ஒரு பஞ்சுத்துண்டால் சுற்றித் துடையுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைந்து, ரிம் டியூபைக் கடித்திருக்கிறது.

செயினை ஸ்கேலால் அளந்தாலே போதும். ஊசியிலிருந்து ஊசிக்கு 12 இஞ்சு வர வேண்டியது, ஓர் இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை ஓட்டினால் கேசெட்டுக்கும் சேர்த்துச் செலவு.

கூடாரத்தில் காற்றைவிட ஈரம்தான் ஆளைத் தின்னும். வெளித்துணியின் உட்பக்கம் விடிகாலையில் நனைந்திருந்தால் கூடாரம் ஒழுகுகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் மூச்சுக்காற்றுதான் அது. மேல் ஜன்னலைத் திறந்துவைத்து, தண்ணீர்க் கரையையும் பள்ளத்தையும் விட்டுச் சற்று மேட்டில் அடித்தால் ஈரம் குறையும். தரைவிரிப்பு கூடாரத்தின் அடியைவிட 5 செ.மீ. சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். சிலிகான் பூசிய நைலான் ஈரத்தில் நெகிழ்ந்து தொய்யும், அதனால் படுக்கப்போகுமுன் கயிறுகளை இன்னொருமுறை இறுக்க வேண்டும். பாலியஸ்டரில் அந்த வேலை அவ்வளவு இல்லை.

கூடாரத்தின் ஆயுளை முடிப்பது அதைச் சுருட்டிவைக்கும் விதம். பாலியூரித்தேன் பூச்சை ஈரத்தோடு பையில் அடைத்துவைத்தால் மாதக்கணக்கில் சிதைந்து, பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கும். பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காலையில் ஈரமாகச் சுருட்டியிருந்தால் மதிய ஓய்வில் பத்து நிமிடம் விரித்துப் போடுங்கள். அடுத்தது ஜிப். பல் சரியாக இருந்தும் மூடாமல் வாய்பிளந்தால், ஜிப்பை இழுத்து மூடும் ‘ஓடி’ (ஸ்லைடர்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் இரண்டு பக்கத்தையும் பிளேயரால் மிக மெதுவாக ஒரு நெருக்கு நெருக்கினால் இன்னும் சில மாதம் ஓடும். அதற்கு மேல் நெருக்கினால் ஓடியே விரிசல் விடும்.

காற்றடைத்த மெத்தை சொகுசு, பஞ்சரானால் வெறுந்தரை. மூடிய குமிழ் ஃபோம் பாய் கரடுமுரடு, ஆனால் என்றும் கைவிடாது. மெல்லிய ஃபோமைக் கீழே போட்டு அதன்மேல் மெத்தையை விரித்தால் முள் பயம் குறையும், இரண்டின் ஆர்-மதிப்பும் (வெப்பம் தரைக்குப் போகாமல் தடுக்கும் அளவு) கூடிக் குளிரையும் தடுக்கும். தூங்கும் பையில் எழுதியிருக்கும் வெப்பநிலைகளில் ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் நம்புங்கள். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை.

அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேஸ் கேன் வசதி, ஆனால் பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். குளிருக்கு ஐசோபியூட்டேன் கலவை வேண்டும். கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இழைக்குழாய் நீர்வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடலாம், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. உறைபனி இரவில் அதைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

பழுதுப்பையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, எம்5 போல்ட் நான்கு, உங்கள் செயின் அளவுக்கான இணைப்புக் கண்ணி இரண்டு, பிரேக் கட்டை ஒரு ஜோடி, பின் கியர் கேபிள் ஒன்று, ஒடிந்த கூடாரக் கம்பிக்கு மேலே மாட்டும் குழாய்த்துண்டு, கேபிள் டை பத்து, பக்கம் கிழிந்த டயருக்குள் வைக்கப் பழைய டயரின் கைவிரல் நீளத் துண்டு. பஞ்சர் சொலூஷன் மட்டும் சிறிய டியூபாக இரண்டு. ஒருமுறை திறந்தது எவ்வளவு இறுக்கி மூடினாலும் சில வாரத்தில் காய்ந்துவிடும், அதனால் ஒன்று எப்போதும் சீல் உடைக்காததாக இருக்கட்டும்.