‘எல்லாம் சேர்ந்த’ இணையத் தொலைபேசித் தொகுப்பு: வாங்குமுன் ஓர் எச்சரிக்கை

வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கென்று இணையவழி விற்பனையாளர் ஒருவர் விற்றுவரும் ஐ.பி. (இணையம் வழியே பேசும்) மேசைத் தொலைபேசித் தொகுப்பை வாங்கி நான் பட்ட பாட்டை, அதுபோன்ற ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொலைபேசி புத்தம் புதியது, எந்தச் சேவை நிறுவனத்தின் இணைப்போடும் வேலை செய்யும், நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வந்துவிடும், மின்தடையிலும் பேசலாம் என்பவை விற்பனைப் பக்கத்தில் இருந்த வாக்குறுதிகள். இவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை.

பெட்டிக்குள் தொலைபேசியும், ‘பி.ஓ.இ. இன்ஜெக்டர்’ (நெட்வொர்க் கேபிளுக்குள் மின்சாரத்தை ஏற்றும் கருவி) என்று அச்சிட்ட சிறிய கறுப்புப் பெட்டியும், தட்டையான ஒரு நெட்வொர்க் கேபிளும் இருந்தன. மின் அடாப்டர் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அலுவலகங்களில் கருவிகளை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சே கேபிள் வழியாக மின்சாரம் தந்துவிடுவதால், பல ஐ.பி. தொலைபேசிகள் அடாப்டர் இல்லாமல்தான் விற்பனைக்கு வருகின்றன. வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி கிடையாது என்பதால், இடையில் ஓர் இன்ஜெக்டரை வைக்க வேண்டியிருக்கிறது. கையேட்டில் காட்டியபடியே ரூட்டரிலிருந்து இன்ஜெக்டருக்கும், இன்ஜெக்டரிலிருந்து தொலைபேசியின் இணையப் போர்ட்டுக்கும் இணைத்தேன். திரையில் ஒளியே வரவில்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். அடுத்து, ரூட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற, இணைய அழைப்புத் தகவல்களை இடையில் மாற்றியமைக்கும் அமைப்பை அணைக்கச் சொன்னார்கள். அதன் பிறகு ஃபயர்வாலையே நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள். எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. சில ரூட்டர்களில் தொல்லை தருவது உண்மைதான். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பதற்கும், சேவை நிறுவனத்தின் சர்வரில் தொலைபேசியின் பதிவு அடிக்கடி அறுந்துபோவதற்கும் அது காரணமாவதுண்டு. ஆனால் மின்சாரமே ஏறாத கருவிக்கு ரூட்டர் அமைப்பில் மருந்து தேடச் சொல்வதைத் திறமைக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை, ஏனெனில் பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே கரைந்துகொண்டிருந்தது.

கடைசியில், தங்களிடமே தனியாக ஓர் அடாப்டரை விலைக்கு வாங்கிக்கொள்ளுமாறு சொல்லி அதன் படத்தை அனுப்பினார்கள். அது 12 வோல்ட் அடாப்டர். என் தொலைபேசியின் அடிப்பக்கத் தகட்டில் 5 வோல்ட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. கேட்டதற்கு, முனை பொருந்தினால் போதும் என்று பதில் வந்தது. இந்த அறிவுரையை எவரும் எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. ஒரே அளவு வட்ட முனையில் 5, 9, 12 வோல்ட் அடாப்டர்கள் எல்லாமே கிடைக்கின்றன. வோல்ட் அளவு தகட்டில் உள்ளதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக் கூடாது, கூடுதலாக இருக்கலாம். முனையின் நேர்மின், எதிர்மின் குறியும் பொருந்த வேண்டும். 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட் ஏறினால், அதன் பிறகு உத்தரவாதம் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது.

உண்மைக் காரணம் இன்ஜெக்டரின் பின்புறத் தகட்டில் இருந்தது: வெளியீடு 24 வோல்ட். தர எண் எதுவும் அதில் இல்லை. கேபிள் வழி மின்சாரத்துக்கான 802.3ஏ.எஃப் என்ற தரம் 2003-இல் வந்தது. அந்தத் தரத்துக்கு உட்பட்ட இன்ஜெக்டர், எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தத்தை அனுப்புவதில்லை. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) தெரிகிறதா என்று பார்க்கிறது. தெரிந்தால்தான் 44 முதல் 57 வோல்ட் வரையிலான மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. மூல முனையில் 15.4 வாட் வரை தரப்படும். கேபிளில் இழப்பது போகக் கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும், சாதாரண மேசைத் தொலைபேசிக்கு இது தாராளம். எனக்கு வந்ததோ ‘பாசிவ்’ வகை. அது எதையும் விசாரிக்காமல் எப்போதும் 24 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சில வகைக் கம்பியில்லா ஆண்டெனாக் கருவிகளுக்கென்று வந்தது. 802.3ஏ.எஃப் தொலைபேசி 24 வோல்ட்டில் விழித்துக்கொள்ளாது. தொலைபேசிக்குக் கேடு வரவில்லை என்பது மட்டுமே ஆறுதல். விசாரிக்காமல் மின்சாரம் அனுப்பும் அந்த முனையில், அதற்கென்று வடிவமைக்கப்படாத கணினியையோ அச்சுப்பொறியையோ யாரேனும் செருகினால் அதன் போர்ட் பழுதாகக்கூடும்.

கேபிளையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில்தான் இந்தத் தொகுப்பை ஒருவரும் ஒருமுறைகூட இணைத்துப் பார்க்காமல் விற்கிறார்கள் என்பது எனக்கு உறுதியாயிற்று. கண்ணாடி போன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு மட்டுமே இருந்தன: 1, 2, 3, 6. இன்ஜெக்டரோ 4, 5, 7, 8 ஆகிய கம்பிகளில்தான் மின்சாரத்தை அனுப்புகிறது. அதாவது அவர்களே அனுப்பிய கேபிளில், அவர்களே அனுப்பிய இன்ஜெக்டரின் மின்சாரம் போய்ச் சேர வழியே இல்லை. 100 மெகாபிட் வேகத்துக்கு அந்த நான்கு கம்பிகளே போதுமென்பதால், இதே கேபிளில் கணினியை இணைத்தால் இணையம் ஒழுங்காக வரும். உதவிப் பிரிவினர் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி, கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள்.

வேறு கடையில் 802.3ஏ.எஃப் என்று பொறித்த இன்ஜெக்டரும் எட்டுக் கம்பிச் செம்புக் கேபிளும் வாங்கி மாட்டியவுடன் தொலைபேசி உயிர்பெற்றது. அப்போதுதான் அடுத்த வஞ்சனை வெளிப்பட்டது. திரையில் எனக்குத் தொடர்பே இல்லாத ஒரு சேவை நிறுவனத்தின் சின்னம் வந்து நின்றது. நிர்வாகக் கடவுச்சொல் கேட்டது. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியும் பயனில்லை. பல தயாரிப்பாளர்கள், தொலைபேசியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணை) தங்கள் சர்வரில் ஒரு சேவை நிறுவனத்தின் பெயரில் பதிந்துவைக்க வசதி தருகிறார்கள். அப்படிப் பதிந்த தொலைபேசி, அழித்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் இணையத்தைத் தொட்டதுமே பழைய நிறுவனத்தின் அமைப்புகளையே மறுபடி இறக்கிக்கொள்ளும். பதிந்த நிறுவனம் விடுவித்தாலன்றி அதை வேறு இணைப்புக்குப் பயன்படுத்துவது கடினம். புத்தம் புதியது என்று சொன்ன பொருள், யாரோ முன்பு பயன்படுத்திக் கழித்த பொருள். விற்பனையாளரிடம் கேட்டபோது, கடவுச்சொல் தங்களுக்கும் தெரியாது என்றும், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது என்றும் எழுதினார்கள். பிரிக்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

மின்தடையிலும் பேசலாம் என்பது பழைய கம்பித் தொலைபேசியின் நினைவை வைத்துச் செய்யும் வியாபாரம். அந்தத் தொலைபேசிக்கு இணைப்பகத்தின் பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. இங்கே இன்ஜெக்டர், ரூட்டர், மோடம் மூன்றும் உங்கள் வீட்டு மின்சாரத்தில்தான் ஓடுகின்றன, மூன்றையும் யு.பி.எஸ்.ஸில் இணைத்தால் ஒழிய மின்தடையில் தொலைபேசி ஊமைதான், அவசர அழைப்பும் போகாது.

வாங்கும் எண்ணம் இருந்தால், இன்ஜெக்டரின் தகட்டுப் படத்தையும் தொலைபேசியின் அடிப்பக்கப் படத்தையும் முதலில் கேளுங்கள். எந்தச் சேவை நிறுவனத்தின் பூட்டும் பதிவும் இல்லை என்பதைத் தொலைபேசிப் பேச்சில் அல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் தகட்டுப் படங்களும் உதவிப் பிரிவின் கடிதங்களும் இருந்ததால், பணம் செலுத்திய வங்கி அட்டை வழியாக முறையிட்டுத் தொலைபேசிக்கான தொகையை மீட்க முடிந்தது. இன்ஜெக்டருக்கான தொகை வரவில்லை. ‘பி.ஓ.இ. என்றுதான் எழுதியிருந்தோம், 802.3ஏ.எஃப் என்று எங்குமே எழுதவில்லை’ என்ற அவர்கள் வாதத்தை வங்கி ஏற்றுக்கொண்டது.