கொதித்த நீரா, குளோரின் வில்லையா?

தேயிலைத் தோட்டத்துப் பீலியில், அதாவது ஊற்று நீர் வந்து விழும் குழாயில், பிடிக்கும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவுதான். ஆனால் ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டியோ மலசலகூடமோ இருந்தால், மழைக்காலத்தில் அந்தத் தெளிவை நம்பக்கூடாது.

கொதிக்க வைத்தால் வயிற்றோட்டம் தரும் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாமே மடியும். கலங்கல் நீரிலும் பலன் குறையாது. நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதுவே போதும்: தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும், 2,000 மீற்றருக்கு மேலென்றால் மூன்று நிமிடம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆறிய நீரில் எந்தக் காவலும் இல்லை. மூடாத குடத்துக்குள் பிள்ளை கையோடு செம்பை விட்டால், ஈர மிலாறை, அதாவது தேயிலைச் செடியின் கிளை விறகை, ஊதி ஊதி எரித்த பாடெல்லாம் வீண்.

குளோரின் வில்லைக்கு அடுப்பு வேண்டாம். உறையில் சொன்ன அளவு நீரில் போட்டு, பொதுவாக 30 நிமிடம் காத்திருந்தால் சரி. நீர் சில்லென்று இருந்தால் இன்னும் அதிக நேரம். எஞ்சும் குளோரின் பிறகு விழும் கிருமியையும் ஓரளவு தடுக்கும். கலங்கல் நீரை முன்னதாகத் தெளியவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் குளோரினுக்கு மசியாது. வாசனைக்குப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் கொதித்த நீரையே சொல்வேன், குழாய் வைத்த மூடிய பாத்திரத்தில். மண்சரிவுக்குப் பின் முகாமில் விறகு தேடி அலைவதைவிட வில்லையே மேல்.