எவான்ஸா, ஈஎஸ்டிசியா, கோஹனா? பழைய அமெரிக்கச் சட்ட அச்சுகளைத் தேடும்போது எதை நம்புவது

ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவில் முதன்முதலில் அச்சானது பைபிளும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை. ஒரு சத்தியப் பிரமாணம். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஓட்டுரிமை பெறும் ஆண்கள் எடுக்க வேண்டிய உறுதிமொழி அது. 1639இல் கேம்பிரிட்ஜ் ஊரில், டே குடும்பத்தார் நடத்திய அச்சகத்தில் அச்சானது. ஆளுநர் ஜான் வின்த்ரொப் தன் நாட்குறிப்பில் வரிசையே கொடுத்திருக்கிறார்: முதலில் உறுதிமொழி, அடுத்து ஒரு பஞ்சாங்கம், அதற்கடுத்து சங்கீதப் பாடல்கள்.

பழைய அமெரிக்க அச்சுகளுக்கு சார்ல்ஸ் எவான்ஸ் தொகுத்த நூற்பட்டியலான 'அமெரிக்கன் பிப்ளியாகிரஃபி'யைத் திறந்தால் எண் 1 இந்த உறுதிமொழிதான். ஆனால் அதன் ஒரு பிரதிகூட இன்று எங்கும் கிடையாது. அதன் வாசகத்தை 1647இல் லண்டனில் வந்த வேறொரு நூல் எடுத்துப் போட்டிருக்கிறது.

இந்தக் காலி நாற்காலியில் உட்கார வைக்க ஒருவர் ஆள் தயாரித்தார். 1985இல் மார்க் ஹாஃப்மன் என்ற அபூர்வ ஆவண வியாபாரி, உறுதிமொழியின் தலைப்போடு வேறொரு தாளை முதலில் தானே அச்சடித்தார். அதை நியூயார்க்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் ரகசியமாகச் சொருகிவிட்டு, தானே 25 டாலருக்கு வாங்கி, ரசீதும் பெற்றுக்கொண்டார். அப்புறம் உறுதிமொழியின் 'அசல் பிரதி'யைத் தயாரித்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திடம் அதற்குப் பேசப்பட்ட விலை 15 லட்சம் டாலர். அதே ஆண்டு அக்டோபரில் சால்ட் லேக் சிட்டியில் அவர் வைத்த குண்டுகளில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில்தான் போலித் தொழில் முழுவதும் அம்பலமானது.

நூற்பட்டியல் என்றால் தூசி படிந்த சமாசாரம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பட்டியலில் ஒரு வரி இருப்பதும் உலகத்தில் ஒரு புத்தகம் இருப்பதும் ஒன்றல்ல. எந்தப் பதிவைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதை எழுதியவர் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா, கேள்விப்பட்டு எழுதினாரா? கீழே எவான்ஸ், ஈஎஸ்டிசி என்ற ஆங்கில அச்சு நூல்களின் சுருக்கத் தலைப்பு அட்டவணை, கோஹனின் சட்ட நூற்பட்டியல் ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறேன்; அது முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

தனி ஆளாக ஓடியவர்

எவான்ஸ் நூலகர். 1876இல் அமெரிக்க நூலகச் சங்கம் தொடங்கியபோது உடனிருந்தவர். 1903இல் முதல் தொகுதியைத் தன் சொந்தப் பொறுப்பில் சிகாகோவில் வெளியிட்டார். 1639 முதல் 1820 வரை அமெரிக்காவில் அச்சான அத்தனையையும் ஆண்டு வரிசையில் எண் போட்டு அடுக்குவது திட்டம். 12 தொகுதிகள் முடித்தார், 1799ஆம் ஆண்டின் நடுவில் நின்றது, 1935இல் காலமானார். மிச்சத்தை 1955இல் கிளிஃபோர்ட் ஷிப்டன் 13ஆம் தொகுதியாக முடித்து 1800 வரை கொண்டுவந்தார். மொத்தம் 39,162 எண்கள்.

ஆண்டு வரிசை என்பதால் ஒரு வசதி உண்டு. 1765ஐத் திறந்தால், முத்திரைத் தாள் வரி எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில் எந்தெந்த ஊரில் என்னென்ன அச்சானது என்று ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். சட்டம் மட்டும் வேண்டும் என்றால் ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் உள்ள பொருள்வாரி அட்டவணைக்குப் போக வேண்டும். தொகுதிக்குத் தொகுதி தனித்தனியாக. விரல் வலிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். எல்லாப் புத்தகத்தையும் எவான்ஸ் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. பழைய செய்தித்தாள் விளம்பரங்களிலிருந்தும் தலைப்புகளை எடுத்தார். 'இப்போதுதான் வெளியானது, இன்னார் கடையில் கிடைக்கும்' என்று பாஸ்டன் புத்தக வியாபாரி விளம்பரம் கொடுத்தால், அது பாஸ்டனில் அச்சானது என்று ஆகிவிடாது. கப்பலில் வந்த லண்டன் பதிப்பாகவும் இருக்கலாம். சட்டப் புத்தகங்களில் இந்த வழுக்கல் கொஞ்சம் அதிகம் என்பது என் கணிப்பு. காலனி வக்கீல்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் லண்டன் சரக்குதானே.

இல்லாத புத்தகத்துக்கு எழுதிய இந்தப் பேய்ப் பதிவுகள் வெளிப்பட்ட விதம் சுவாரசியமானது. 1955 வாக்கில் ரீடெக்ஸ் என்ற பதிப்பு நிறுவனமும், பழைய அச்சுகளைச் சேகரிக்கும் அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டியும் சேர்ந்து எவான்ஸ் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் படமெடுத்து நுண்ணச்சு அட்டைகளாக வெளியிடத் தொடங்கின. படமெடுக்கப் புத்தகம் வேண்டுமே! தேடிப் போனால் பல எண்களுக்கு ஆளே இல்லை. 1969இல் ஷிப்டனும் ஜேம்ஸ் மூனியும் கொண்டுவந்த இரண்டு தொகுதி 'ஷார்ட் டைட்டில் எவான்ஸ்' அந்தத் தேடலின் கணக்கு வழக்கு. விளம்பரத்தை வைத்து எவான்ஸ் ஊகித்த பதிப்பு என்ற மாதிரிக் குறிப்புகள் அதில் திரும்பத் திரும்ப வரும். பத்தில் ஒரு பதிவு பேயாகவோ பெரிய பிழையோடோ இருக்கிறது என்பது ஷிப்டனின் மதிப்பீடு. மறுபக்கம், எவான்ஸ் தவறவிட்டவற்றை ரோஜர் பிரிஸ்டல் 1970இல் தனித் துணைத்தொகுதியாகச் சேர்த்தார். அதிலேயே 11,000க்கு மேல்.

அப்படியானால் எவான்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. அந்த எண் இன்று வீட்டு முகவரி மாதிரி ஆகிவிட்டது. ஏல அட்டவணையிலும் நூலகப் பதிவிலும் அடிக்குறிப்பிலும் 'எவான்ஸ்' என்று எழுதி ஓர் எண் போட்டால் எல்லோருக்கும் புரியும்.

பிரதியைக் கையில் வைத்து எழுதியவர்கள்

இரண்டாவது போட்டியாளர் உண்மையில் இருவர், ஆனால் ஒரே குடும்பம். மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்தில் ஐசயா தாமஸ் என்ற அச்சுக்காரர் 1812இல் நிறுவியது ஆன்டிகுவேரியன் சொசைட்டி. அது 1980 வாக்கில் தொடங்கிய, வட அமெரிக்க அச்சுகளைப் பட்டியலிடும் திட்டம் ஒன்று. பிரிட்டிஷ் நூலகத்தை மையமாகக் கொண்டு 1977இல் தொடங்கிய ஈஎஸ்டிசி மற்றொன்று. 1800 வரையிலான அமெரிக்க அச்சுகளுக்கு வூஸ்டரில் எழுதிய பதிவுகள்தான் ஈஎஸ்டிசிக்கும் போயின.

வித்தியாசத்தை ஒரே ஒரு தலைப்புப் பக்கத்தில் காட்டிவிடலாம். பிளாக்ஸ்டோனின் ஆங்கிலச் சட்ட விளக்கவுரையை 1771-72இல் ராபர்ட் பெல் பிலடெல்பியாவில் நான்கு தொகுதிகளாக அச்சிட்டார். லண்டன் பதிப்பைவிட மலிவு. முன்பணம் கட்டியவர்களின் பட்டியலில் ஜான் ஆடம்ஸ் பெயரும், பிற்காலத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் அப்பா தாமஸ் மார்ஷல் பெயரும் உண்டு. அந்தத் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்ட இடம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? 'அமெரிக்கா' என்று. அதன் பிறகுதான் 'சந்தாதாரர்களுக்காக ராபர்ட் பெல் அச்சிட்டது', கடை இருந்த மூன்றாம் தெரு, பிலடெல்பியா எல்லாம். தனி நாடு உருவாக இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, இவர் ஊர்ப் பெயருக்கு முன்னால் அமெரிக்கா என்று போடுகிறார்! சுருக்கப் பட்டியல்களில் இது வெறும் 'பிலடெல்பியா, 1771' ஆகிவிடும். தலைப்புப் பக்கத்தை அப்படியே படியெடுக்கும் முறைப் பதிவில்தான் அந்த 'அமெரிக்கா' தங்கும். பக்க எண்ணிக்கை, தாள் மடிப்பு, எந்த நூலகத்தில் பிரதி என்பதும் கூடவே வரும்.

குறை இல்லாமல் இல்லை. ஈஎஸ்டிசி இணையத்தில் இலவசம், ஆனால் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலில் முடங்கியபோது ஈஎஸ்டிசியும் சேர்ந்து காணாமல் போனது. அந்த மாதங்களில் அலமாரியில் இருந்த எவான்ஸ் தொகுதிகளுக்கு ஒரு மரியாதை வந்தது. அடுத்து, கையால் நிரப்புவதற்கென்று அச்சிட்ட படிவங்களை ஈஎஸ்டிசி சேர்ப்பதில்லை. பத்திரம், பிணை முறி, அழைப்பாணை எல்லாம் வெளியே. காலனி அச்சகத்துக்கு அடுப்பெரிய வைத்த சட்ட அச்சே இதுதான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் கடையில் விற்ற படிவங்கள்போல் பிழையற்றவை வேறெங்கும் கிடைத்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டவர்.

சட்டத்துக்கென்றே உட்கார்ந்தவர்

மாரிஸ் கோஹன் ஹார்வர்டிலும் பிறகு யேலிலும் சட்ட நூலகத்தை நடத்தியவர். குழந்தைகளுக்கான சட்டப் புத்தகங்களைச் சேகரித்து யேலுக்குக் கொடுத்த மனிதர் என்பதிலேயே ஆளின் ரசனை தெரியும். 1998இல் ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய பட்டியல், 1860 முடிய வந்த அமெரிக்கச் சட்டத் தனிநூல்களையும் வழக்கு விசாரணை நூல்களையும் எடுத்துக்கொள்கிறது. 2003இல் ஷாரன் ஓ'கானருடன் சேர்ந்து ஒரு துணைத்தொகுதியும் வந்தது.

முந்தைய இருவரையும்விட இவர் இரண்டு விஷயத்தில் மேல். ஒன்று, காலம். எவான்ஸும் ஈஎஸ்டிசியும் 1800இல் கடையை மூடிவிடுகின்றன. ஆனால் அமெரிக்கச் சட்டம் தன் சொந்தக் குரலில் பேசும் பெரிய நூல்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன: ஜேம்ஸ் கென்ட் 1826 முதல், ஜோசஃப் ஸ்டோரியின் அரசியல் சாசன விளக்கம் 1833இல். இரண்டு, இடம்.

இடம் என்றால் என்ன என்பதற்கு ஜெங்கர் வழக்கு. நியூயார்க் ஆளுநரைத் தாக்கி எழுதிய பத்திரிகையை அச்சிட்டதற்காக ஜான் பீட்டர் ஜெங்கர் கைதாகி, 1735 ஆகஸ்டில் ஜூரியால் விடுதலையானார். அடுத்த ஆண்டு அந்த விசாரணை நூல் ஜெங்கரின் அச்சகத்திலேயே அச்சானது. 1738இல் பாஸ்டனில் ஒரு பதிப்பு. அதே ஆண்டு லண்டனில் பதிப்பு மேல் பதிப்பு. எவான்ஸ் அமெரிக்காவில் அச்சானதை மட்டும் எடுப்பவர் என்பதால் நியூயார்க்கும் பாஸ்டனும் உண்டு, லண்டன் கிடையாது. அவரை மட்டும் நம்பினால் இந்த வழக்கு அட்லாண்டிக்கைத் தாண்டியதே தெரியாது. ஈஎஸ்டிசியில் இரு கரையும் உண்டு, ஆனால் அது நீதிமன்றமும் சமையலும் பிரசங்கமும் கலந்த கடல். வெளிநாட்டில் அச்சானாலும் அமெரிக்கச் சட்டம் என்றால் எடுப்பது, விசாரணை நூல்களைத் தனியே பிரித்து வைப்பது என்பது கோஹன் முறை. இந்த வேலைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை.

இதே நூலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பழைய அட்டவணைகளில் இதை ஜெங்கர் பெயரில் தேட வேண்டும். இன்றைய பதிவுகளில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் பெயரில். ஜெங்கருக்காக வாதாடப் போய் வக்கீல் தொழில் உரிமையையே இழந்த அலெக்சாண்டர்தான் இதைத் தொகுத்தவர். தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை.

மூன்றுமே தடுமாறும் இடம்

சரி, சட்ட அச்சு என்றதும் பொதுவாக மனதில் வருவது சட்டங்கள்தானே? சட்டமன்றம் கூடி, இயற்றி, அச்சிட்டு வெளியிட்டவை. அங்கேதான் மூவரும் கை விரிக்கிறார்கள்.

கோஹன் தனிநூலும் விசாரணையும் என்று வரையறுத்துக்கொண்டதால் கூட்டத்தொடர்ச் சட்டங்கள் அவர் எல்லைக்கு வெளியே. எவான்ஸிலும் ஈஎஸ்டிசியிலும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் இயல்பு 'ஒரு பதிவு, ஒரு புத்தகம்' என்ற கணக்குக்கு அடங்காது. வில்லியம் பிராட்ஃபோர்ட் 1694இல் நியூயார்க் சட்டத் தொகுப்பை அச்சிட்டார். அதன் பின் கூட்டம் நடக்க நடக்கப் புதிய சட்டங்கள் தனித்தனித் தாள்களாக வரும். வைத்திருப்பவர் அவற்றைத் தன் பிரதியின் பின்னால் சேர்த்துத் தைத்துக்கொள்வார். ஒருவர் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்தார், இன்னொருவர் எட்டு வருஷத்துக்கு. ஆக, முதல் பக்கத்தில் 1694 என்று போட்ட இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் தடிமனே வேறாக இருக்கும். எவான்ஸ் ஆண்டுக்கு ஓர் எண் என்று வெட்டிப் போடுகிறார், நூலக அட்டவணையோ கட்டிய தொகுதியை ஒரே பதிவாக வைக்கிறது. இரண்டும் பாதி உண்மை.

இதற்கு இன்றும் நான் பரிந்துரைப்பது 1936இல் கிரேஸ் மக்டொனால்ட் தொகுத்த கூட்டத்தொடர்ச் சட்டப் பட்டியலைத்தான். மாநிலம் மாநிலமாக, கூட்டம் கூட்டமாகப் போகும். படிக்க ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும். கேள்விக்கு ஏற்ற வடிவம் அதுதான்.

மாசசூசெட்ஸின் 1648ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வேறு கதை. 600 பிரதிகள் அச்சிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது அடியோடு அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரே ஒரு பிரதி தலைகாட்டியது. இப்போது கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அதனால் 'பிரதி இல்லை' என்ற குறிப்பைப் பார்த்ததும் பேய் என்று முடிவு கட்டவும் கூடாது.

நடைமுறையில்

என் வழக்கம் இது. விசாரணை நூல், சட்ட விளக்க நூல் என்றால் கோஹனில் தொடங்குவேன். 1800க்கு முந்தையது என்றால் வூஸ்டர் அட்டவணைக்குப் போய்ப் பிரதி எங்கே என்று பார்ப்பேன்; அதுவும் இணையத்தில் இலவசம்தான். அங்கே இல்லாமல் எவான்ஸில் மட்டும் இருந்தால் ஷார்ட் டைட்டில் எவான்ஸைத் திறந்து, விளம்பரக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுவேன். எவான்ஸை நேரடியாகப் படிப்பது கடைசியில், பெரும்பாலும் அவருடைய குறிப்புகளுக்காக. மனிதர் ரசித்து எழுதியிருக்கிறார்.

முழு உரையைத் தேடலாமே, பட்டியல் எதற்கு என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து நீளமாக, பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்றே வாசித்துவிடும். சட்டமன்றத்தைக் குறிக்கும் 'அசெம்ப்ளி' உள்ளே போய் 'அஃபெம்ப்ளி'யாக வெளியே வரும். எவான்ஸ் நூல்களில் ஏறத்தாழ 5,000ஐ மனிதர்களே தட்டச்சு செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள், அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் 'அசெம்ப்ளி' என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ஒருமுறை 'அஃபெம்ப்ளி' என்றும் அடித்துப் பாருங்கள்.