கெடலோன்: சாரம் பிரிக்காத கோட்டை

கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கோட்டைக்குப் போனாலும் ராஜா கதை காதில் ஏறாது. இந்தக் கல்லை மேலே எப்படி ஏற்றினார்கள் என்றுதான் புத்தி போகும். ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒரு கோட்டையில் வாங்கி மாட்டிக்கொண்ட ஆடியோ கைடு, எந்தப் பிரபு யாரைக் கட்டிக்கொண்டார், சொத்து யாருக்குப் போனது என்பதையே சொல்லிக்கொண்டிருந்தது. சுவரைப் பற்றி ஒரு வாக்கியம் கிடையாது.

பிரான்சில் இப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் கெடலோன் கோட்டை அதற்கு நேரெதிர். இங்கே பிரபு வெறும் கற்பனை ஆள். கொத்தனார், கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர் எல்லாம் நிஜம்.

பிரான்சில் பர்கண்டி பகுதியில், த்ரெஞ்யி என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், கைவிடப்பட்ட ஒரு கல் குவாரிக்குள் 1997இல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றை அந்தக் காலக் கருவிகளாலேயே, அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டுவது என்பது திட்டம். பக்கத்தில் இருக்கும் சான் ஃபார்ஜோ கோட்டையின் செங்கல் சுவர்களுக்குள் பழைய கற்கோட்டை ஒன்று புதைந்திருப்பது ஆய்வில் தெரியவந்தபோது, அதன் உரிமையாளர் மிஷெல் கியோவுக்கு வந்த யோசனை இது. கல், மணல், களிமண், ஓக் மரம் எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. நாம் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில்தான் வேலை நடக்கிறது. அதனால் காசு கொடுக்கும்போது எனக்கு உறுத்தவில்லை.

நுழைந்ததும் கண்ணில் படுவது ஆள் உள்ளே நின்று நடக்கும் பெரிய மரச் சக்கரம். அவர் நடக்க நடக்கக் கயிறு சுற்றி, கல் மேலே போகிறது. கிரேன் இவ்வளவுதான். அதற்கு எதிரில் ஒருவர் பதின்மூன்று முடிச்சுப் போட்ட கயிற்றைத் தரையில் விரித்துக் காட்டினார். முடிச்சுகளுக்கு நடுவே பன்னிரண்டு சம இடைவெளி. மூன்று, நான்கு, ஐந்து என்று முக்கோணமாக இழுத்தால் மூலமட்டம், அதாவது சரியான செங்கோணம், தயார். மட்டம் பார்க்க ரசமட்டம் கிடையாது, தூக்குக்குண்டு கட்டிய மரச்சட்டம்தான். அதை வைத்துக்கொண்டு அவர்கள் எழுப்பியிருக்கும் சுவரின் நேர்த்தியைப் பார்த்தபோது, எங்கள் சைட்டில் லேசர் கருவியை வைத்துக்கொண்டு நாங்கள் எழுப்பும் சில சுவர்கள் நினைவுக்கு வந்தன. அதை விடுங்கள்.

சுவர் கட்டும் இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். வெளியே ஒரு கல் முகம், உள்ளே ஒரு கல் முகம், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், பனி பட்டால் கெட்டுவிடும். அந்தக் காலத்தில் குளிர் வந்ததும் வேலையை நிறுத்தி, பாதிச் சுவரின் தலையை வைக்கோல் போட்டு மூடிவிடுவார்கள். சாரத்துக்கான கட்டைகளைச் சுவரிலேயே சொருகுகிறார்கள். வேலை முடிந்து கட்டையை உருவினால் ஓட்டை மிஞ்சும். பழைய கோட்டைச் சுவர்களில் வரிசையாகத் தெரியும் சதுர ஓட்டைகள் பெரும்பாலும் இவைதான். பலர் அவற்றை அம்பு விடும் துளை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அம்புத் துளை வேறு மாதிரி: வெளியே ஒடுங்கிய பிளவு, உள்ளே ஆள் நின்று வில்லைத் திருப்புகிற அளவு அகலம். இரண்டும் இங்கே அருகருகே இருப்பதால் இனி குழப்பம் வராது.

அடுத்தது கூரை வளைவு. முதலில் மரத்தில் சென்ட்ரிங், அதாவது வளைவைத் தற்காலிகமாகத் தாங்கும் சட்டம். அதன் மேல் கல் விலாக்களை அடுக்கி, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்கி, சாந்து இறுகியதும் மரத்தை மெல்லத் தளர்த்துகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து மொத்தக் கூரையும் சுவரைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்குகிறது. கோட்டைச் சுவர் தடிமன், அதனால் தாங்கிக்கொள்ளும். கதீட்ரல் என்கிற பெரிய தேவாலயத்தில் சுவரைக் குடைந்து உயரமான கண்ணாடி ஜன்னல் வைக்க வேண்டும், தடிமன் வைக்க முடியாது. ஆகவே அந்தத் தள்ளலை வெளியே நிற்கும் தாங்கு வளைவுகளில் இறக்குகிறார்கள். அலங்காரம் போலத் தெரியும் அந்த வளைவுகள் ஏன் வந்தன என்பது இங்கே கோட்டையில் நின்றுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

கோட்டையின் அமைப்பு பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் காலத்து மாதிரி: மூலைகளில் வட்டக் கோபுரங்கள், அதில் ஒன்று மட்டும் பெரிது, வாசலில் இரட்டைக் கோபுரம். சுழல் படிக்கட்டு மேலே நின்று காக்கும் வலதுகை வாள்வீரனுக்குச் சாதகமாகச் சுற்றும் என்ற கதையை எல்லாக் கோட்டையிலும் சொல்வார்கள். எதிர்ப்பக்கம் சுற்றும் படிகளும் நிறைய இருக்கின்றன, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காட்டுக்குள் தண்ணீரில் ஓடும் மாவு ஆலை, ஓடு சுடும் சூளை இரண்டும் உண்டு. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

வேலை செய்பவர்கள் பழங்கால உடைக்கு மேல் ஹெல்மெட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருக்கிறார்கள். இது வேஷத்தைக் கெடுக்கிறது என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. உயரத்திலிருந்து ஆள் விழுவதைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

சொந்தமாகக் கார் இருந்தால் நல்லது, வாசல் வரை ரயில் கிடையாது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மழைக்குப் பிறகு தரை சேறாகும், நல்ல ஷூ வேண்டும். கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தால் கல்தச்சரிடம் நின்று பேசலாம். வந்ததன் பாதிப் பலன் அதில்தான். பளபளக்கும் அரண்மனை, மெழுகுச் சிலை, தங்க நாற்காலி எல்லாம் எதிர்பார்ப்பவர்கள் லுவார் ஆற்றோரத்து அரண்மனைகள் பக்கம் போய்விடலாம்.

முடிந்தால் அதே த்ரெஞ்யியிலுள்ள ரத்தியி கோட்டையையும் பாருங்கள், அது நிஜமான 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அப்புறம் ஓசேர் நகரம். அங்குள்ள கதீட்ரலின் கோதிக் பாணிக் கட்டட வேலை 1215இல் தொடங்கியது, தெற்குக் கோபுரம் இன்றுவரை முடியவில்லை. அடியில் அதைவிடப் பழைய நிலவறையில், வெள்ளைக் குதிரையில் கிறிஸ்து அமர்ந்த சுவரோவியம் இருக்கிறது. வெளியே வந்தால் தெருக்களில் மரச்சட்ட வீடுகள். சட்டமும் சட்டமும் சேரும் இடத்தில் ஆப்பு எங்கே அடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், கெடலோன் தச்சுப் பட்டறையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.