மேலே கிண்ணமா, கீழே பாட்டிலா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஏர்பிரஷ்ஷின், அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவியின், இரண்டு வகையையும் வைத்து மாடல் விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். மேலே கிண்ணம் உள்ளதில் பெயிண்ட் தானாகவே இறங்கும். 15 பிஎஸ்ஐ காற்றழுத்தமே போதும். சில சொட்டுகளில் சின்ன இறக்கை ஒன்று முடிந்துவிடும். 0.3 மில்லிமீட்டர் நாசிலில் (பெயிண்ட் வெளிவரும் முனை), கை பழகிவிட்டால், பென்சிலால் இழுத்த மாதிரி கோடு வரும்.

கீழே பாட்டில் மாட்டுவது பெயிண்டை மேலே உறிஞ்ச வேண்டும், அதனால் அழுத்தம் கூடுதலாக வேண்டும். பெரிய மாடல் கப்பலுக்கு ஒரே நிறம் அடிக்க அதுதான் வசதி. முதலில் வாங்குகிறவர்களுக்குக் கிண்ணத்தையே சொல்வேன்.

அப்புறம், எதை வாங்கினாலும் கோலாலம்பூர் ஈரக்காற்றுக்குக் கம்ப்ரசர் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) குழாயில், காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகட்டி கட்டாயம். மழை நாளொன்றில் அது இல்லாமல் அடித்தேன். இறக்கை முழுக்கத் தண்ணீர்ப் பொட்டுகள். காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.