கயிற்றால் கட்டிய உடல், ஊர் கூடித் தீட்டிய சுவர்

சிக்கானா, அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண், என்ற அடையாளத்தைக் காண இரண்டு வழிகளில் எதிலிருந்து தொடங்கலாம்? புகைப்படக் கலைஞர் லாரா அகிலாரின் கேமராவா, சுவரோவியக் கலைஞர் ஜூடித் பாக்கா பலரோடு சேர்ந்து தீட்டிய சுவரா?

அகிலார் 1990இல் எடுத்த ‘மூன்று கழுகுகள் பறக்கின்றன’ மூன்று படங்களின் தொகுப்பு. ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி, மறுபக்கம் மெக்சிகோ கொடி, நடுவில் அவரே. தலையை மெக்சிகோ கொடி முழுதாக மூடியிருக்கிறது. இடுப்பில் அமெரிக்கக் கொடி. கழுத்திலிருந்து இறங்கும் தடித்த கயிறு உடலைச் சுற்றிக் கட்டுகிறது. இரு நாடுகளின் சின்னமும் கழுகு. அவருடைய குடும்பப் பெயரிலும் ஸ்பானிய மொழியின் கழுகு ஒளிந்திருக்கிறது. பறக்க முடியாத மூன்றாவது கழுகு அவர்தான். பேச்சும் எழுத்தும் எளிதில் கைவராத டிஸ்லெக்ஸியா அவருக்கு இருந்தது. அந்தக் கயிற்றின் இறுக்கம் எனக்கு ஒரு வாக்கியமாகவே கேட்கிறது.

பாக்காவின் ‘லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்’ 1976இல் தொடங்கியது. வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் சுமார் அரை மைல் நீளம். 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல கோடைகளில் தூரிகை பிடித்தார்கள். நெடுஞ்சாலைத் தூண்கள் குடும்பங்களைப் பிரிக்கும் காட்சியும் அதில் உண்டு.

சுவர் வரலாற்றைத் தருகிறது. ஆனால் நான் அகிலாரிடமிருந்தே தொடங்கச் சொல்வேன். அந்தக் கயிற்றைப் பார்த்த கண்ணுக்குத்தான் சுவரில் பிரிந்து நிற்கும் குடும்பங்களின் வலி முழுதாகத் தெரியும்.