சேலத்துச் சிறு பவளத் தொட்டியில் ஐப்டேசியா: சுண்ணாம்பா, இறாலா, கடல்நத்தையா?

அறுபது அல்லது எண்பது லிட்டர் கொள்ளும் சிறிய கடல்நீர்த் தொட்டிகளில் ஐப்டேசியா என்ற பழுப்பு நிறக் கடல் சாமந்தியைப் போல விடாமல் தொல்லை தரும் உயிர் வேறில்லை. லைவ் ராக் என்ற, உயிர்கள் குடியேறிய கடற்கல்லின் ஒரு துளையிலோ, வாங்கி வந்த பவளத் துண்டின் அடியிலோ ஒன்றே ஒன்று ஒளிந்து வந்தால் போதும். அதன் அடிப்பாதத்திலிருந்து பிய்ந்து விழும் சிறு தசைத் துணுக்குகள் தனித்தனி உயிர்களாக வளர்ந்து, பக்கத்தில் இருக்கும் பவளங்களைக் கொட்டிச் சுருங்க வைத்துவிடும். ஆகவே கையால் பிடுங்குவது அதைப் பெருக்கும் வழியே தவிர, ஒழிக்கும் வழியன்று.

இதைத் தின்ன வைக்கக் காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனைச் சிலர் பரிந்துரைப்பது உண்டு. நானூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை அடைப்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை என்பதால் அதை விட்டுவிடலாம். ஐப்டேசியாவைத் தின்னும் ஃபைல்ஃபிஷ் சிறிய மீன்தான் என்றாலும், மென்பவளங்களையும் கொறித்துப் பார்க்கும் வழக்கம் அதற்கு உண்டு. கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அவற்றை விட்டு, ஸோவாந்திட், காளான் பவளம் போன்ற மென்மையான வகைகளையே நம்பித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது. மீதியிருப்பவை மூன்று: கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற நீற்றுச் சுண்ணாம்பு, பெப்பர்மின்ட் இறால், பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தை.

சுண்ணாம்பின் பெரிய பலம், எங்கே எதைக் கொல்கிறோம் என்பது நம் கட்டுப்பாட்டில் இருப்பது. தூளைச் சிறிது ஆர்.ஓ. தண்ணீரில் நீர்த்த தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, ஊசிச் சிரிஞ்சில் ஏற்றி, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரையும் ஃபில்டர் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, சாமந்தியின் வாய்த்தட்டின் மேல் மெல்ல இறக்க வேண்டும். இரை வந்ததென்று எண்ணி அது கொட்டும் இழைகளை உள்ளே மடித்துக் குழைவை விழுங்கும். அவசரப்பட்டு ஊசியால் இடித்தாலோ நொடியில் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படிப் போனால் துளையின் வாயையே குழைவால் அடைத்துவிடலாம். கால் மணி நேரம் கழித்து, கல்லின் மேல் மிஞ்சிய வெள்ளைப் படிவைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும். இல்லையெனில் அது பறந்து போய் ஸோவாந்திட்டுகளின் மேல் படியும்.

இதன் குறையும் தொட்டியின் சிறுமையிலிருந்தே வருகிறது. பெரிய தொட்டியில் தெரியாத காரம், அறுபது லிட்டரில் பிஎச் அளவைச் சட்டென்று ஏற்றிவிடும். எனவே ஒரு நாளில் இரண்டு மூன்று சாமந்திகளோடு நிறுத்திக்கொண்டு, பிஎச் 8.6ஐ நெருங்கினால் மறுநாளுக்கு ஒத்திவைப்பதே முறை. வெற்றிலைக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது என்பதே என் கருத்து. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் தாராளமாக இருக்கலாம். ஆனால் மெல்லுவதற்காகச் செய்த சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று நாம் அறிய முடியாது. ஆய்வகத் தரத் தூள் ஒரு டப்பா வாங்கினால் நெடுங்காலம் வரும்.

பெப்பர்மின்ட் இறால், சிரிஞ்சு எட்டாத பொந்துகளில் முளைக்கும் பொடிக் குஞ்சுகளைத் தின்பதில் கெட்டிக்காரன். முற்றிய பெரிய சாமந்தியை அது பெரும்பாலும் தொடாது. மீனுக்குப் போடும் தீனி மிச்சமாகக் கிடைத்தால் குஞ்சுகளையும் மறந்துவிடும். வாங்கும்போது கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: முதுகு கூன் விழுந்து, உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் பளிச்சென்று இருந்தால் அது கேமல் இறால், பவளங்களையே தின்னும். கண்ணாடி போன்ற உடலில் சிவப்பு வரிகள் ஓடுவதே நமக்கு வேண்டியது.

பெர்கியாவுக்கு ஐப்டேசியா தவிர வேறு உணவே இல்லை. இரவில் வெளிவந்து மேய்ந்து, தின்ற சாமந்தியின் கொட்டும் செல்களைத் தன் முதுகு இழைகளில் சேமித்துக்கொள்ளும் இந்தச் சிறு உயிரை நான் மிகவும் மதிக்கிறேன். பவளத்துக்கு ஒரு கீறலும் படாமல் வேலையை முடிக்கக்கூடியது அது ஒன்றே. ஆனாலும் சேலத்துச் சிறு தொட்டிக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன். பத்துப் பதினைந்து சாமந்திகள் மட்டுமே உள்ள இடத்தில் இரை சீக்கிரம் தீர்ந்து நத்தைகள் பட்டினியால் சாகும். போதாக்குறைக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர் பார்சலில் வந்து, சித்திரை வெயிலில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முப்பது டிகிரியைத் தாண்டும் நீரில் இறங்குவது அதற்குப் பெரும் சோதனை. ஏற்காட்டில் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே மார்கழியில் ஹீட்டர் தவறாமல் ஓடினால் போதும்.

ஆகவே, எண்ணிவிடக்கூடிய அளவில் இருக்கும்வரை சுண்ணாம்பையே கையாண்டு, பெரியவை தீர்ந்த பின் ஓரிரு இறால்களை விட்டுத் தீனியைக் குறைப்பதே இவ்வூருக்குத் தக்க வரிசை. கற்கள் முழுவதும் படர்ந்துவிட்டால் மட்டும் பெர்கியாவை வரவழைக்கலாம். அப்போது இறாலும் ராஸ் வகை மீனும் நத்தையைத் தின்றுவிடும் என்பதால் அவற்றை முன்னதாகவே வேறு தொட்டிக்கு மாற்றி, மோட்டாரின் உறிஞ்சுவாயில் பஞ்சு கட்ட வேண்டும். அந்தத் தொட்டியில் முன்பு எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றியிருந்தால், கல்லில் ஊறிய தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடலாம்; அங்கே சிரிஞ்சு ஒன்றே வழி.